பாறை அடுக்கில் ஆழ்கடலை அடையாளம் காண்பது எப்படி?

[காட்சி: சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் அந்தமான் கப்பல்]

வணக்கம். ராயபுரத்தையும் காசிமேட்டையும் பின்னே விட்டுக் கிழக்கே செல்லும் அந்தமான் கப்பல், கண்டத்திட்டை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளத்தை, கடந்தபின் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழமுள்ள கடலின் மேல் செல்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கொண்டுவந்த வண்டல், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு அங்கே பரந்து கிடக்கிறது. வங்காள விசிறி எனப்படும் இதுவே உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி, அதாவது கடலடியில் விசிறி வடிவில் பரவிய வண்டல் குவியல், ஆகும்.

பயணத்தின் மறுமுனையில், போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அருகிலுள்ள கார்பின்ஸ் கோவ் கடற்கரையில், மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இவை ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலில் படிந்து, புவித்தட்டுகளின் நெருக்கத்தால் உயர்ந்தவை. ஆழ்கடலில்தான் படிந்தன என்பதை எதைக் கொண்டு சொல்கிறோம்?

[காட்சி: எண்ணூர் முகத்துவாரம், மழைக்காலம்]

மணலை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம்; கரையோர மணலும் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படலாம். மழைக்காலத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலையாற்றின் கலங்கல் நீர் கடலின் மேற்பரப்பில் பரவுகிறது; நன்னீர் கடல்நீரைவிட இலேசானது என்பதே காரணம். ஆனால் கண்டத்திட்டின் விளிம்பிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் கண்டச்சரிவில் குவிந்த வண்டல் நிலநடுக்கத்தாலோ பிற காரணங்களாலோ சரியும்போது, அதனுடன் கலந்த நீர் கடல்நீரைவிடக் கனமாகி, தரையை ஒட்டியே பாய்கிறது. 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, கடலடித் தந்தி வடங்கள் சரிவின் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அதைச் செய்தது இத்தகைய கலங்கல் ஓட்டமே என்று கடலடி ஆய்வாளர்களான ஹீசனும் யூயிங்கும் 1952இல் விளக்கினர்.

[காட்சி: ஒரு மணற்கல் அடுக்கின் குறுக்குவெட்டு]

ஓட்டம் வேகம் இழக்கும்போது பருமணல் முதலிலும், நுண்மணல் அடுத்தும், சேறு கடைசியிலும் படிகின்றன. ஒரே ஓட்டம் விட்டுச்செல்லும் இந்த வரிசையை நிலவியலாளர் அர்னால்ட் பௌமா 1962இல் ஐந்து பகுதிகளாக வகுத்தார். களத்தில் ஐந்தும் முழுமையாகக் கிடைப்பது அரிது. மணற்கல்லின் அடிப்பரப்பில், ஓட்டம் சேற்றைக் குடைந்த பள்ளங்களின் வார்ப்புகள் புடைத்து நிற்கும்; அவற்றின் பருத்த முனை ஓட்டம் வந்த திசையைக் காட்டும்.

இத்தனை இருந்தும் மணல் ஆழத்தைச் சொல்லிவிடாது. அதிலுள்ள சிப்பிகள்கூடக் கரையோரத்திலிருந்து அடித்து வரப்பட்டவையாக இருக்கலாம். என் பார்வையில், நம்பத்தகுந்த சாட்சி இரண்டு மணல் அடுக்குகளுக்கு இடையே, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அமைதியாகப் படிந்த மெல்லிய களியே. அதில் கடலடியில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா என்னும் ஓடுடைய ஒருசெல் உயிரிகள் எந்த வகை என்று பார்க்க வேண்டும்; ஆழத்துக்கு ஏற்ப வகைகள் மாறும். ஏறத்தாழ 4,500 மீட்டருக்குக் கீழே சுண்ண ஓடுகள் கரைந்துவிடுவதால், விரைவாகப் புதைந்த மணலில் சுண்ண ஓடுகள் இருந்து, இடைப்பட்ட களியில் மட்டும் அவை இல்லாமற்போனால், அந்தத் தளம் மிக ஆழமானது என்று கருத இடமுண்டு. பேலியோடிக்டியான் என்னும் அறுகோண வலை வடிவத் தடமும் பெரும்பாலும் ஆழ்கடல் படிவுகளிலேயே கிடைக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலைகள் உண்டாக்கும் சமச்சீர் மணல் வரிகள் இல்லாமையையும் துணைச்சான்றாகவே கொள்ள வேண்டும்.

[காட்சி: பெரம்பலூர் மாவட்டம், காரை]

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காரையின் களிமண் மேடுகளில் அம்மோனைட்டுகள், பெலம்னைட்டுகள் என்னும், கணவாயின் அழிந்துபோன உறவினங்களின் புதைபடிவங்கள் கிடைப்பதால், அதையும் பலர் ஆழ்கடல் என்கின்றனர். அவை நீரில் நீந்தித் திரிந்த உயிரினங்கள். இறந்தபின் எந்த ஆழத்திலும் படியக்கூடியவை. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்த அந்தக் களி, நிலத்தின் விளிம்பை மூடிய கண்டத்திட்டுக் கடலில் படிந்தது.