கார் விற்கும்போது பேரம் பேசுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். இதையே கொஞ்சம் மாற்றி மாற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே பேசிவிடுகிறேன். கோயம்புத்தூர் சரவணம்பட்டியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன்.

"என்னிடம் 2017 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. சிங்கிள் ஓனர், 61 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 4 லட்சத்து 75 ஆயிரம் என்று ஓஎல்எக்ஸில் போட்டேன். ஃபோன் பண்ணுகிற எல்லோரும் 'லாஸ்ட் என்னங்க' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நேரில் வந்தவர்கள் இல்லாத குறையெல்லாம் சொல்லி மூன்றரைக்குத் தருவீர்களா என்கிறார்கள். ஒருவர் 4.40-க்குப் பேசி முடித்துவிட்டு, வண்டி எடுக்க வந்த அன்றைக்கு இன்னும் இருபதாயிரம் குறைத்தால்தான் எடுப்பேன் என்றார். இவர்களிடம் எப்படிப் பேசுவது? பேசாமல் கம்பெனிக்காரர்களிடமே கொடுத்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கார்ஸ்24, ஸ்பின்னி, ட்ரூ வேல்யூ மாதிரி பழைய கார் வாங்கி விற்கும் கம்பெனிகளில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், அலைச்சல் குறைவு. ஆனால் அவர்கள் அந்த வண்டியைச் சரிபண்ணி, லாபம் வைத்து விற்க வேண்டும், அதனால் நேரடியாக ஒருவர் தரும் விலையை அங்கே எதிர்பார்க்க முடியாது. கொடுக்கிறீர்களோ இல்லையோ, அங்கே ஒரு விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே கையில் கிடைக்கக்கூடிய காசு அது, அதற்குக் கீழே நீங்கள் யாருக்கும் இறங்க வேண்டியதில்லை. மூன்றரை என்று ஒருவர் கேட்கும்போது உங்களுக்குப் பதற்றம் வருவதற்குக் காரணமே, ஒருவேளை நம் வண்டி அவ்வளவுதான் போகுமோ என்ற சந்தேகம்தான். தரை, அதாவது உங்கள் கடைசி விலை, எது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பதற்றம் போய்விடும்.

அந்தக் கடைசி விலையை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பேசுவது ஒருவர் மட்டும்தான் என்றும் முடிவு பண்ணிவிடுங்கள். வாசலில் நீங்கள் 4.50-ல் நின்று பேசிக்கொண்டிருப்பீர்கள், உள்ளேயிருந்து அப்பா வந்து "சரி விடுப்பா, அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்காங்க, ஒரு பத்து குறைச்சுக் கொடு" என்பார். நல்ல மனசில்தான் சொல்கிறார், ஆனால் அதற்கு அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் வந்தவர் அப்பா முகத்தைத்தான் பார்ப்பார்.

இப்போது ஃபோனுக்கு வருவோம். "லாஸ்ட் என்னங்க" என்று கேட்டால் எண் எதுவும் சொல்லாதீர்கள், இதில் நான் ரொம்பப் பிடிவாதமாகவே இருக்கிறேன். ஃபோனில் 4.50 என்று சொன்னால் அதோடு பேரம் முடிந்துவிடாது, அந்த 4.50-லிருந்து அவர் நேரில் வந்து ஆரம்பிப்பார், வண்டியையே பார்க்காத ஒரு ஆளுக்கு நீங்கள் இருபத்தைந்தாயிரம் விட்டுக்கொடுத்த கணக்குதான் மிஞ்சும். புரோக்கர்களும் இப்படித்தான் கூப்பிட்டு விலையைத் தெரிந்துகொண்டு, அதற்கு மேலே தங்கள் கமிஷனை வைத்து வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "போட்டிருக்கிற விலைதாங்க. வந்து வண்டியைப் பாருங்க, ஓட்டிப் பாருங்க, பிடிச்சிருந்தா வண்டி பக்கத்தில் நின்று பேசிக்கலாம்." மரியாதையாகச் சொல்லுங்கள், எத்தனை தடவை கேட்டாலும் இதே வார்த்தையைச் சொல்லுங்கள். உண்மையில் வாங்குகிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார், எப்போது வரலாம் என்று கேட்பார். சரி, பேரமே பேசாமல் "எனக்கு ஓகே, அட்வான்ஸ் அனுப்புறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் ரொம்ப ஜாக்கிரதை. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது என்று சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே கிடையாது. போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

நேரில் வருகிறவர்கள் விஷயம்தான் பெரியது. இதில் என் கருத்து ஒன்றே ஒன்று: வண்டியின் குறையை அவர் கண்டுபிடிக்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். கீறல் இருந்தால் விளம்பரத்திலேயே அதைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று போடுங்கள். வந்தவுடன் நீங்களே கூட்டிப்போய், "பின்னாடி இடது கதவு டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சது, பில் இதோ இருக்கு, முன்னாடி ரெண்டு டயர் மாத்தணும், மத்ததெல்லாம் சரியா இருக்கு, இதையெல்லாம் கழிச்சுத்தான் விலை போட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். பேரம் பேசுகிறவருக்குக் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், 'நீங்கள் மறைத்தீர்கள், நான் கண்டுபிடித்தேன்' என்கிற அந்த நிமிஷம்தான். அது அவருக்குக் கிடைக்கவே கூடாது. பிறகு அவர் டயரைக் காட்டி விலை குறைக்கச் சொன்னால், "அதைத்தான் முதல்லயே சொன்னேங்களே, கழிச்சுத்தான் போட்டிருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

டயர் பற்றி ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். விவரமானவர்கள் குனிந்து அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு பார்த்து வைத்திருந்தால், "டயர் எல்லாம் பழசுங்க" என்று பொதுவாகச் சொல்கிறவரிடம் எந்த டயர் எந்த வருஷம் என்று சொல்ல முடியும். அதே மாதிரி சென்னைப் பதிவெண் வண்டி வைத்திருப்பவர்களிடம் வெள்ளத்தில் மூழ்கியதா என்று கட்டாயம் கேட்பார்கள், 2015 டிசம்பருக்கும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் அப்புறம் அப்படிக் கேட்பது நியாயமும்கூட. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டுங்கள், தண்ணீர் புகுந்த வண்டியில் அந்த உள்பகுதிப் பட்டையில்தான் சேற்றுக்கறை தங்கியிருக்கும். அவர் கேட்பதற்கு முன்பே இழுத்துக் காட்டினால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் வாங்குகிறவர், இன்னொருவர் "நம்ம தெரிஞ்ச மெக்கானிக்". வாங்குகிறவர் வண்டி நல்லாத்தான் இருக்கிறது என்பார், கூட வந்தவர் பானெட்டைத் திறந்து உதட்டைப் பிதுக்குவார். "இன்ஜின்ல சத்தம் வருதுங்க, சஸ்பென்ஷன் போயிருச்சு, ஒரு நாப்பது செலவு இருக்கு." இங்கே வாதாடவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். "எந்த இடத்தில் வருதுங்க, காட்டுங்க, நானும் கேட்கிறேன்" என்று சொல்லிப் பக்கத்தில் போய் நில்லுங்கள். உண்மையான குறையாக இருந்தால் அவர் கை வைத்துக் காட்டுவார். வெறும் பேச்சாக இருந்தால் மழுப்புவார். சந்தேகம் தீரவில்லை என்றால், "உங்க செலவில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போய் செக் பண்ணிக்கலாம், நானும் கூட வரேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்கிறவர் வாங்க வந்தவர். அங்கே கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று எஸ்டிமேட் வந்தால் அதை நேர்மையாக ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையில் ஒரு பங்கை விலையில் கழியுங்கள். முழுசாகக் கழிக்க வேண்டியதில்லை, அவர் வாங்குவது 2017 மாடல் என்று அவருக்கும் தெரியும்.

நம்பர் கூட்டினால் எட்டு வருகிறது, ஆடி மாசம் வேண்டாம் என்று பார்க்கிறோம், இப்படிச் சொல்கிறவர்களிடம் வாதம் பண்ணாதீர்கள். அது அவர்கள் நம்பிக்கை. "சரிங்க, ஆவணி பிறந்ததும் எடுத்துக்கோங்க, இன்னிக்கு டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க" என்று மட்டும் கேளுங்கள். எட்டுக்காகப் பத்தாயிரம் குறைக்கச் சொன்னால் மட்டும் தலையாட்ட வேண்டாம், எட்டு ஆகாதென்றால் பத்தாயிரம் குறைந்தாலும் அது எட்டுதானே.

விலைக்கு வருவோம். மூன்றரை என்று கேட்டால் அவமானமாக நினைக்காதீர்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்டுப் பார்ப்பது சில பேருக்குப் பழக்கம், அதே ஆள் 4.40-க்கு எடுத்துக்கொண்டு போவதும் நடக்கும். ஆனால் மூன்றரைக்கு எதிராக நீங்கள் ஒரு எண் சொல்லக் கூடாது. நீங்கள் 4.60 என்றால் அவர் ரெண்டுக்கும் நடுவில் நாலு என்று வந்து நிற்பார். "அது கட்டுப்படியாகாதுங்க, நீங்க யோசிச்சு நியாயமா ஒரு விலை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் விற்கிறவர்கள் நிறையப் பேர் தாங்களே விலையைக் குறைக்கிறார்கள். அவர் நாலேகாலுக்கு மேலே வந்த பிறகு நீங்கள் இறங்கலாம், இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் குறைவாக இறங்குங்கள், இறங்குகிற ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஒன்று கேளுங்கள். "4.50 பண்ணிக்கலாம், இன்னிக்கே டோக்கன் போடணும்." "4.45, ஆனா இந்த வாரமே மீதிப் பணம், பேர் மாத்துற செலவு உங்களது." சும்மா குறைத்துக் கொடுத்தால் இன்னும் குறையும் என்றுதான் அவருக்குத் தோன்றும். டெஸ்ட் டிரைவ் போய் வந்து, பேப்பர் எல்லாம் பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சு. முடிவெடுக்கிற ஆள் எதிரில் இருக்க வேண்டும். "வீட்டில் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போகிறவரிடம் உங்கள் கடைசி விலையைச் சொல்லி அனுப்பாதீர்கள்.

அந்த இருபதாயிரம் விஷயம். இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை, வேண்டுமென்றே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் விளம்பரத்தை எடுத்திருப்பீர்கள், மற்றவர்களிடம் வண்டி போய்விட்டது என்று சொல்லியிருப்பீர்கள், மனசளவில் விற்றும் இருப்பீர்கள், அந்த நேரம் பார்த்துக் கேட்பார்கள். இதற்கு மருந்து டோக்கன் அன்றே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்வதுதான். வண்டி எண், பேசிய விலை, அன்றைக்கு மீட்டரில் உள்ள கிலோமீட்டர், வண்டியைப் பார்த்து ஓட்டித் திருப்தியாகி ஒப்புக்கொண்டேன் என்ற ஒரு வரி, மீதி எந்தத் தேதிக்குள், எடுக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்ற ஒரு வரி, ரெண்டு பேர் கையெழுத்து. டோக்கன் யுபிஐயில் வரட்டும், பதிவு இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கெல்லாம் விளம்பரத்தை எடுக்காதீர்கள், விட்டுப்போனால் வலிக்கிற அளவுக்கு ஒரு தொகை இருக்க வேண்டும். அப்புறமும் கேட்டால், "பேசினதுக்கு அப்புறம் வண்டியில் எது மாறியிருக்கு, சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அட்வான்ஸ் விஷயத்தை எழுதியபடி முடித்து அனுப்பிவிடுங்கள். உங்களைத் தேடி இன்னொருவர் வருவார், நல்ல பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு ஆள் கிடைக்காமல் போகாது.

இப்போது சொல்லப்போவது விலையைவிட முக்கியம், தயவுசெய்து கவனியுங்கள். பத்தாயிரம் அதிகமாகத் தருகிறேன், பேர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், வாங்குகிறவர் பேர் காலியாக இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வருவார். அந்தப் பத்தாயிரம் வேண்டவே வேண்டாம். வண்டி எத்தனை கை மாறினாலும் ஆர்சியில் உங்கள் பேர் இருக்கும்வரை சட்டத்தின் முன் ஓனர் நீங்கள்தான். 2018-இல் உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் வண்டி பல கை மாறியிருந்தும் பதிவில் பேர் இருந்தவரையே ஓனராக எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஐந்தாயிரம் குறைவாகக் கேட்டாலும் ஆதார் நகல் கொடுத்து, தன் பேரிலேயே ஃபாரம் நிரப்பி, அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் எதிரிலேயே விண்ணப்பம் போடுகிறவருக்குக் கொடுங்கள். உங்கள் ஊருக்குப் பாலக்காட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு என்றால் வேறு மாநிலம் என்பதால் ஆர்டிஓ ஆபீஸில் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, ஃபாரம் 28, வேண்டும், அந்த அலைச்சலும் செலவும் யாருடையது என்று விலை பேசும்போதே பேசிவிடுங்கள். லோன் இருந்த வண்டி என்றால் ஃபாரம் 35-ம் பேங்க் என்ஓசியும் வைத்து எச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் பேங்க் கடன் பதிவை, கேன்சல் பண்ணி முடித்த பிறகு விளம்பரம் போடுங்கள், இல்லாவிட்டால் அதைக் காட்டியே நிறையக் குறைப்பார்கள்.

பணத்தை ரொக்கமாகத் தருகிறேன், அதனால் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்பார்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே வரலாம், நாள் நாளாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே வியாபாரம்தான். ஆர்டிஜிஎஸ் இப்போது 24 மணி நேரமும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் போகும். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள். இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கிறது என்பதை விலைக்குப் பலமாகச் சொல்லலாம், ஆனால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு போகாது, அது உங்களுடையது, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் அடுத்த வண்டிக்கு 3 வருஷம் வரை பயன்படுத்தலாம். வாங்கியவர் 14 நாளைக்குள் பாலிசியைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள். வண்டி கேட்டைத் தாண்டிய அன்றைக்கே ஃபாஸ்டேக்கை பேங்க் ஆப்பில் போய் மூடிவிடுங்கள், டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி அவர் கையெழுத்தை வாங்கி, அந்தத் தாளைப் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.