கடைசித் தெருக் குழாயும் சிறிய கட்சியும்

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் நடக்கும் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சிக் குழு வார்டுகளுக்குத்தான் சின்னம். கொடியும் கூட்டமும் இல்லாத சிறிய கட்சிக்கு இதைவிட நல்ல களம் வேறில்லை என்பேன். அங்கே ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு.

அந்தக் கட்சி ஊருக்குள் வேலையை எங்கிருந்து தொடங்குவது? கடைசித் தெருவில் இருக்கும் கடைசிக் குழாயிலிருந்து. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஊரின் நிலைமை தெரிவது கடைசிக் குழாயில்தான்.

குளோரின் கலப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும், மருந்தும் சீராகக் கலக்காது. வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்கலாம். பவுடர் மூட்டை வாய் திறந்தே கிடந்தால் அதன் வீரியம் போய்விடும். அப்புறம் அளந்து போட்டும் பலனில்லை.

கட்சிக்காரர் கையில் ஒரு குளோரோஸ்கோப், அதாவது தண்ணீரில் குளோரின் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிறிய கருவி, இருந்தால் போதும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதோடு வரும் சோதனைத் திரவத்தைச் சொட்டினால் மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். கடைசிக் குழாயில் நிறம் வரவில்லையா? உடனே தொட்டியடிக் குழாயிலும் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் மருந்து போடவில்லை, அல்லது போட்டது வீரியமில்லாதது. அங்கே மஞ்சள் வந்து இங்கே வராவிட்டால், வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறதா என்று தேட வேண்டும். "தண்ணி சரியில்லை" என்று எழுதினால் மனு தூங்கும். இரண்டு இடத்து அளவு, தேதி, நேரம், தெருப் பெயர் எழுதினால் எங்கே தோண்டுவது என்று ஊராட்சிச் செயலருக்கே தெரிந்துவிடும். தெருவிளக்குக்கும் இதேதான்: கம்ப எண் இல்லாத புகார் எடுபடாது.

மனுவுக்கு இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து. அதோடு முடியவில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் புகார் சொன்ன வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். வேலை நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே சொல்லுங்கள். பெரிய கட்சிகள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். திரும்பிப் போவதுதான் சிறிய கட்சியின் மூலதனம். மறுபடியும் சொல்கிறேன், திரும்பிப் போக வேண்டும்.

நேரம் நெருங்குகிறது, கிராம சபையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்கள் குழாய்க் கணக்கை அங்கே தீர்மானமாக நிறைவேற்றக் கேளுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, சபையில் வாசிக்கச் சொல்லி, அதன் கீழே போடுங்கள். வணக்கம்.