ஃபோம் வேண்டாம், ராக்வூலும் காடாத் துணியும் போதும்

வணக்கம். நான் பாட்டுக் கேட்கும் இந்த அறையில் ஒலி சுவரில் பட்டுத் தெறிப்பதைக் குறைக்க, எனக்குப் பின்னால் தெரியும் ஒலி உறிஞ்சும் பேனல்கள் இரண்டையும் நேற்றுதான் மாட்டி முடித்தேன். அவற்றைக் காட்டுவதற்கு முன் ஓர் ஆத்திரத்தைச் சொல்லியாக வேண்டும். சென்ற காணொலியைப் பார்த்த பலர், கடைகளில் விற்கும் ஒரு அங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டினால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலியின் இரைச்சல் அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். அடங்காது, விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அடங்காது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று ஏறக்குறைய அசைவதே இல்லை. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அது மிகுதியாக அசைகிறது. அந்த அசைவை உரசி மட்டுப்படுத்துவதே இத்தகைய பொருள்களின் வேலை. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்தக் கால் பங்கு ஏறத்தாழ 86 சென்டிமீட்டர்! ஒரு அங்குல ஃபோம் ஜால்ராவின் கணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு, மிருதங்கத்தின் தொப்பி ஒலியை அறை முழுவதும் உருள விட்டுவிடும். முட்டை அட்டையும் அப்படித்தான்.

நம் வீடுகளில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். அமெரிக்கக் காணொலிகளில் வரும் ஜிப்சம் பலகைச் சுவர் தானே அதிர்ந்து, தாழ்ந்த ஒலியை ஓரளவு குறைத்துவிடும். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் அதை அப்படியே திருப்பி அனுப்பும்.

ஆகவே பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் ராக்வூலின் 50 மில்லிமீட்டர் பலகைகளை இரண்டடுக்காக வைத்து, ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, சுவருக்கும் பேனலுக்கும் நடுவே நான்கு அங்குலம் இடைவெளி விட்டேன். அந்த இடைவெளிக்குச் செலவே இல்லை, பலனோ பெரிது.

இனி துணி. எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது இதுதான். சோபாத் துணியை மீட்டர் 350 ரூபாய் என்றார்கள். வாயில் வைத்து ஊதிப் பார்த்தால், பின்பக்கப் பூச்சினால் காற்றே புகவில்லை. காற்று புகாத துணியை உயர்ந்த ஒலி எப்படிக் கடக்கும்? பக்கத்துத் தெரு ஜவுளிக்கடையில் காடாத் துணி மீட்டர் 70 ரூபாய்தான், ஊதினால் தாராளமாகப் புகுகிறது. 350 எங்கே, 70 எங்கே! ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: காடாவில் கஞ்சி இருக்கும், நனைத்தால் சுருங்கவும் செய்யும், அதனால் அலசிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். அதற்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது, ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

மாட்டும் இடத்தை அறிய, நான் வழக்கமான நாற்காலியில் அமர, தம்பி பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனான். ஸ்பீக்கர் எங்கே கண்ணாடியில் தெரிந்ததோ, அங்கேதான் அதன் ஒலி பட்டு என் காதுக்குத் தெறிக்கும்; அங்கேதான் ஆணி. இப்போது பாடகர் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே அசையாமல் நிற்கிறார், வல்லின எழுத்துகள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கின்றன. ஆனால் அறையின் 10 அடி அகலத்தால் 56 ஹெர்ட்ஸை ஒட்டி எழும் முழக்கம் குறையவில்லை. அதற்கு மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை இன்னும் தடிமனாக நிரப்ப வேண்டும். அடுத்த காணொலியில் அதைச் செய்து, முன்னும் பின்னும் மைக் வைத்து அளந்த வரைபடங்களையும் காட்டுகிறேன்.