விக் மேக்கி தப்பித்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கடைசி சீசனைப் பார்த்து முடித்துவிட்டு வந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் உட்காரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கவனித்தேன் நடுவர் அவர்களே. எதற்காக அழுதார்? ஒரு கொலைகாரனுக்கு மத்திய அரசில் வேலை கிடைத்துவிட்டதாம், அதுவும் உட்கார்ந்து பார்க்கிற வேலையாம், அதற்காக அழுதார்!

‘தி ஷீல்ட்’ தொடரின் முடிவில் விக் மேக்கி பெற்றது தண்டனையா, இல்லை அவன் தப்பித்தானா என்பது இன்றைய தலைப்பு. தப்பித்தான் என்பது எங்கள் கட்சி. தொடரைப் பார்க்காமல் யாராவது வந்து மாட்டிக்கொண்டிருக்கலாம், அவர்களுக்காக ரெண்டு வரி. 2002-இல் எஃப்எக்ஸ் சேனலில் தொடங்கி 2008 நவம்பரில் முடிந்த தொடர். ஏழு சீசன், 88 எபிசோட். லாஸ் ஏஞ்சலிஸில் ஃபார்மிங்டன் என்று ஒரு கற்பனை வட்டாரம். அங்கே ஒரு பழைய சர்ச் கட்டடத்தில் போலீஸ் ஸ்டேஷன். அதில் நான்கு பேர் கொண்ட ஸ்ட்ரைக் டீம்: விக், ஷேன், லெம், ரோனி. ரவுடிகளை அடக்க வந்தவர்கள், போகப்போக அவர்களிடமே பங்கு வாங்குகிறவர்கள். இவர்களை வேவு பார்க்க டெர்ரி என்ற போலீஸ்காரன் டீமுக்குள் வருகிறான். முதல் எபிசோட் முடிவதற்குள் விக் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பழியைச் செத்துக்கிடக்கும் போதை வியாபாரி மேல் போட்டுவிடுகிறான். அந்தக் கணக்கை மீதி 87 எபிசோட்டும் யாரும் தீர்க்கவில்லை என்பதுதான் என் வாதம்.

எதிரணித் தலைவர் அந்த வாக்குமூலக் காட்சியை உருகி உருகிச் சொன்னார். கடைசிக்கு முந்தைய எபிசோட். குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறை அலுவலகத்தில் ஒரு மேசை. மேலே ஒரு ரெக்கார்டர். எதிரே ஒலிவியா மர்ரே என்ற அதிகாரி. வழக்கிலிருந்து முழு விலக்கும், அந்தத் துறையிலேயே மூன்று வருஷ வேலையும் தருகிறோம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. இனி ஒப்புக்கொள்கிற எந்தக் குற்றத்துக்கும் வழக்கு கிடையாது, ஒளித்தால்தான் ஆபத்து. ரெக்கார்டர் ஓடுகிறது. விக் பேசவில்லை. வாய் திறக்கப் போகிறான் என்று நினைக்கிறோம், திறக்கவில்லை. விக்காக நடித்த மைக்கேல் சிக்லிஸின் முகத்தைத் தவிரப் பார்க்க நமக்கு வேறு எதுவும் இல்லை. அப்புறம் மெதுவாக, டெர்ரியைச் சுட்டுக் கொன்றது நான்தான் என்கிறான். ஏழு சீசன் அடைத்து வைத்தது அதன்பின் கொட்டுகிறது.

“குற்ற உணர்ச்சியின் பாரம் அது” என்றார் தலைவர். ஐயா, தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் பாண்டியன் சிம்மாசனத்திலிருந்து விழுந்து செத்தான், அது பாரம். இவன் விலக்குப் பத்திரத்தில் மை காய்ந்த பிறகு வாய் திறக்கிறான். பேசி முடித்ததும் முகத்தைப் பாருங்கள்: கடன் தீர்ந்த ஆள் மாதிரி இருக்கிறான். நொறுங்கிப் போனது எதிரே உட்கார்ந்திருந்த ஒலிவியாதான்.

இந்தத் தொடருக்கு விதை போட்டது லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸின் ராம்பார்ட் ஊழல். ரஃபேல் பெரெஸ் என்ற போலீஸ்காரர் ஸ்டேஷன் பாதுகாப்பிலிருந்த கொக்கைனைத் திருடி மாட்டினார். 1999-இல் அவரும் பேரம் பேசினார்: ஐந்து வருஷத் தண்டனை, மற்றவற்றுக்கு விலக்கு, பதிலுக்கு வாக்குமூலம். கையில் ஆயுதமே இல்லாத ஓர் இளைஞனை இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டு முடமாக்கி, அவன் மேலேயே பொய் வழக்குப் போட்டு, அவனுக்கு 23 வருஷச் சிறையும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவரான பெரெஸ் உண்மையைக் கக்கியதால்தான் அந்த இளைஞன் வெளியே வந்தான். நகர நிர்வாகம் அவனுக்கு 1.5 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்த வாக்குமூலத்தால் ஒரு நிரபராதிக்காவது கதவு திறந்தது, பேரம் பேசியவரும் கொஞ்ச காலம் உள்ளே இருந்தார். விக்கின் வாக்குமூலத்தால் யாருக்குக் கதவு திறந்தது? விக்குக்கு. ஒரு நாள் கம்பி எண்ணினானா? இல்லை.

கதவு மூடியது ரோனிக்கு. இதை எதிரணியில் மூன்று பேர் பேசியும் ஒருவர்கூடத் தொடவில்லை, பாருங்கள்! ரோனியையும் சேர்த்து விலக்கு வாங்கத்தான் விக் பேரத்தைத் தொடங்கினான். முன்னாள் மனைவி கொரினைக் கைது செய்துவிட்டார்கள் என்று நம்பியதும், ரோனியை விட்டுவிட்டுத் தனக்கும் அவளுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டான். அந்தக் கைதே நாடகம். கொரின் ஏற்கெனவே போலீஸ் பக்கம் வந்துவிட்டாள். சரி, ஏமாந்துதான் செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். ரோனியிடம் வந்து சொன்னானா? மூச்சு விடவில்லை. கடைசி எபிசோட்டில், வேலை பார்த்த அதே ஸ்டேஷனில், எல்லோர் முன்னாலும் டச் என்ற துப்பறியும் அதிகாரி வந்து ரோனிக்கு விலங்கு மாட்டும்போதுதான் விஷயமே அவனுக்குத் தெரிகிறது. டெர்ரி சுடப்பட்ட அறையில் விக்கோடு நின்றவன் ஷேன். ஷேன் இப்போது பிணம், விக் சம்பளக்காரன். அந்த அறையிலேயே இல்லாத ரோனிதான் ஜெயிலுக்குப் போகிறான். ரோனி ஒன்றும் உத்தமன் கிடையாது, அர்மீனியக் கும்பலின் பணத்தைக் கொள்ளையடித்ததில் அவனும் உடந்தைதான். ஆனால் தலைவன் வெளியே, கூட வந்தவன் உள்ளே என்றால் அதற்குப் பெயர் தண்டனையா நடுவர் அவர்களே?

எதிரணி அம்மையார் ஒருவர் “அவன் குடும்பத்தை இழந்தானே” என்று கேட்டார். நல்ல கேள்வி, அவர்கள் பக்கத்தில் கனமானது அது ஒன்றுதான். கொரின் சாட்சிப் பாதுகாப்பில் பிள்ளைகளோடு போய்விட்டாள், விக்கால் இனி அவர்களைப் பார்க்க முடியாது. அம்மா, இதைக் கொரின் பக்கத்திலிருந்து சொல்லிப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகளையும் பெரிய பெண்ணையும் இழுத்துக்கொண்டு, தெரிந்த ஊரையும் மனிதர்களையும் விட்டுவிட்டு, இனி வேறு ஆளாக வாழப் போகிறாள். அவள் என்ன தப்பு செய்தாள்? இவனுக்குப் பயந்து ஓடினாள். அவளுடைய ஓட்டத்தைக் கொண்டுவந்து இவனுடைய தண்டனைக் கணக்கில் வரவு வைக்கிறீர்கள்!

ஸ்டேஷன் தலைவி க்ளாடெட் வைம்ஸ் விக்கை விசாரணை அறையில் உட்காரவைத்து, ஷேன் எழுதிவைத்த கடிதத்தைப் படித்துக் காட்டுகிறாளே, அந்தக் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது. கர்ப்பிணி மனைவிக்கும் குழந்தைக்கும் விஷம் கொடுத்துவிட்டுத் தன்னையே சுட்டுக்கொண்ட ஷேன். மூன்று பேரின் போட்டோவும் மேசை மேலே. விக் கேமராவைச் சுவரிலிருந்து பிய்த்து எறிகிறான். வலித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் க்ளாடெட் ஏன் போட்டோவைக் காட்டினாள்? சட்டம் அவள் கையை விட்டுப் போய்விட்டது, அதனால்தான் காட்டினாள். விலங்கு மாட்ட முடிந்திருந்தால் மாட்டியிருப்பாள்.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு பேருக்கு அது தண்டனையாகத் தோன்றியது? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. தினம் ஒரு எபிசோட் என்று டிவிடியில் கடைசி சீசனைப் பார்த்தேன். பதின்மூன்றாவது நாள் அந்த மேசை, அந்தக் கோட்டு, டை, மூன்று வருஷம் இங்கேதான் உட்கார்ந்து அறிக்கை டைப் செய்ய வேண்டும் என்ற உத்தரவு எல்லாம் வந்தபோது மனசு பிசைந்தது. அப்புறம் யோசித்தேன். இந்தத் தொடரை 16 மில்லிமீட்டர் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே எடுத்திருக்கிறார்கள். விக் ஓடினால் நாமும் ஓடுகிறோம், கதவை உடைத்தால் நாமும் அவன் முதுகுக்குப் பின்னால் நுழைகிறோம். ஏழு சீசன் அவன் தோளிலேயே தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு, அவன் உட்கார்ந்ததும் மூச்சு முட்டத்தான் செய்யும். அந்த மேசை விக்கின் கண்ணுக்குத்தான் ஜெயில். டெர்ரியைப் பெற்றவர்களை அந்த அறைக்குக் கூட்டிவந்து, உங்கள் பிள்ளையைக் கொன்றவர் இவர்தான், இந்த நாற்காலி இவருக்குப் பிடிக்கவில்லை, மனசு ஆறுங்கள் என்று சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம் எதிரணித் தலைவரை!

உலகத்தில் எத்தனை கோடிப் பேர் காலையில் அந்த மாதிரி மேசையில்தான் போய் உட்காருகிறார்கள். அவர்கள் யாரைக் கொன்றார்கள்?

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிஷம். கடைசிக் காட்சி. ராத்திரி. ஆபீஸில் ஆள் இல்லை. பிள்ளைகளின் படங்களை மேசையில் வைக்கிறான். கீழே தெருவில் சைரன் சத்தம். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறான், கண் கலங்குகிறது. இதுவரைக்கும்தான் எதிரணி சொன்னது, நானும் காத்திருந்தேன், அதற்குமேல் சொல்லவே இல்லை. மேசைக்குத் திரும்பி வருகிறான். துப்பாக்கியை எடுக்கிறான். இடுப்பில் செருகுகிறான். உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு மாதிரி. கோட்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறான், யாரும் தடுக்கவில்லை. அதே ராத்திரி ரோனி எங்கே இருந்தான் என்பதை நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.