பகடையும் குரோஷே ஊசியும் ஒரே மேசையில்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைவினை ஆர்வலர்கள் கூடிய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பாலம் தாண்டி வந்திருக்கிறீர்கள், நன்றி. இங்கே பாதிப் பேர் ஒரே ஒரு கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷேக்காரர்கள். மீதிப் பேர் வெள்ளிக்கிழமை இரவானால் பகடையை எடுத்துக்கொண்டு, பாத்திரமாகப் பேசி ஆடும் கதை விளையாட்டுக்காக நண்பர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். இரண்டையும் செய்கிறவர்களும் சிலர் இருக்கிறோம். எங்களிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வேலை, பிள்ளைகள், வீட்டுப்பாடு எல்லாம் போக, இரண்டுக்கும் எங்கே நேரம் கிடைக்கிறது?

மணிக்கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்தால் கிடைக்காது. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பாருங்கள். அப்போது கிடைக்கும்.

நூல் காத்திருக்கும். குரோஷேயைப் பாதி வரிசையில் நிறுத்தினாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்து நிற்கும். அதில் ஒரு ஊக்கை மாட்டிப் பையில் போட்டுவிட்டால், தீபாவளி வேலையெல்லாம் முடிந்து எடுக்கும்போதும் விட்ட இடத்திலேயே இருக்கும். இரண்டு ஊசி வைத்துப் பின்னுகிற நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியில் நிற்பதால் கொஞ்சம் பத்திரம் வேண்டும், அவ்வளவுதான். கதை விளையாட்டு அப்படி இல்லை. ஐந்து பேர் ஒரே இரவை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் சமாளிக்கலாம். இரண்டு பேர் வராவிட்டால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. அதனால் நாள்காட்டியில் முதல் இடம் ஆட்டத்துக்கு. நூலுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டாம். ஃபெர்ரிக்கு நிற்கும் நேரமும் டியூஷன் வாசலில் பிள்ளைக்காக உட்கார்ந்திருக்கும் நேரமும் அதற்குப் போதும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளிவந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டம். ஆளுக்கு ஒரு பாத்திரம். கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர், கூத்தில் வரும் கட்டியங்காரன் மாதிரி, யார் வருகிறார், என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். நீங்கள் செய்ய நினைத்தது பலித்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளியானது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது பலர் தயங்கும் கேள்விக்கு வருகிறேன். ஆடிக்கொண்டே பின்னலாமா? என் பதில், தாராளமாக. சண்டைக் காட்சியில் முறை வைத்துத்தான் ஆடுவார்கள். உங்கள் முறை முடிந்தால் மற்ற எல்லாரையும் சுற்றித் திரும்பி வரப் பல நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கை சும்மா இருக்காது, போனைத் தேடும். போனை எடுத்தவருடைய காது கதையிலிருந்து போய்விடும். பின்னுகிறவர் காது அங்கேயே இருக்கும்.

2009-இல் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். 40 பேருக்கு ஒரு சலிப்பான தொலைபேசிச் செய்தியைப் போட்டுக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களுக்குள் பென்சிலால் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 விழுக்காடு அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அது பென்சில், நம்முடையது நூல். அந்தச் செய்தி சலிப்பானது, நம் கதை அப்படி இல்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தால் மனம் அலையாமல் நிற்கிறது என்பதை என் மேசையிலும் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும், மேசைக்கு எதைக் கொண்டுவருகிறீர்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். நேராகப் போகிற சால்வை, கை பழகிய சதுரத் துண்டுகள், இவை சரி. அமிகுருமி என்கிற குட்டி நூல் பொம்மையின் தலை வேண்டாம். சுற்றுக்குச் சுற்று எண்ண வேண்டிய வேலை அது, “உன் முறை” என்று கூப்பிட்டாலே எண்ணிக்கை போய்விடும். கதை நடத்துகிறவர் ஊசியைத் தொடவே வேண்டாம், அவருக்குக் கண்ணும் கையும் முழுதாக வேண்டும். அவர் வீட்டில் பின்னட்டும். நேரத்தை உண்மையில் தின்பது ஆட்டத்தைவிட அதற்கான தயாரிப்புதான். அடுத்த வாரக் கதையை யோசிக்க, கை பழகிய வரிசைகளைப் போல உதவுவது வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அப்புறம், சோற்றில் கறிக்குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் வந்துவிட்டால் நூல் பைக்குள் போய்விட வேண்டும். பருத்தியில் ஏறிய மஞ்சள் லேசில் போகாது.

என்ன கதை ஆடுவது? வெளிநாட்டுக் கோட்டையும் டிராகனும்தான் வேண்டுமென்று யார் சொன்னது! பாலத்தைத் தாண்டிக் கெடா மாநிலத்துக்குள் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. பழைய துறைமுகம், மெர்போக்கில் இன்றும் நிற்கும் கோயில் அடித்தளம், 1025-இல் கடாரத்தின், அதாவது அன்றைய கெடாவின் மேல் வந்த ராஜேந்திர சோழனின் கப்பற்படை, எல்லாம் அங்கே இருக்கின்றன. படை வருவதற்கு முந்தின மாதம், நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வணிகக் கப்பல் வந்து நிற்கிறது. அதில் வந்த ஒருவர் வணிகர் இல்லை. இங்கிருந்து தொடங்கிப் பாருங்கள். தமிழில் ஆடுங்கள். நம் பாட்டி பேசிய பேச்சிலேயே ஒரு பாத்திரம் பேரம் பேசும்போது மேசையே நிமிர்ந்து உட்காரும்.

முதலில் என்ன பின்னுவது என்று கேட்டால் பகடைப் பை என்பேன். ஒரு செட்டில் ஏழு பகடை. அவற்றுக்கு ஒரு வீடு. நம் ஊர்ச் சூட்டுக்கும் கைவியர்வைக்கும் பருத்தி நூல் நல்லது. மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில், ஒற்றைக் குரோஷே என்கிற அடிப்படைக் கண்ணி ஆறு போடுங்கள். அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று ஆறு ஆறாக ஏற்றி 48 வரை போங்கள். ஏற்றும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால் வட்டம் அறுகோணமாகிவிடும். 48 வந்ததும் ஏற்றாமல் சுற்றிக்கொண்டே போனால் சுவர் தானாக எழும். பத்து சென்டிமீட்டர் உயரம் போதும். கடைசியில் ஒரு சுற்று சங்கிலி விட்டு இடைவெளி வைத்து, அதில் கயிறு கோத்துவிடுங்கள். கண்ணி நெருக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் நான்கு முகப் பகடையின் முனை வெளியே எட்டிப் பார்க்கும்.

பின்னால் மேசையில் நூலும் 3 மில்லிமீட்டர் ஊசிகளும் வைத்திருக்கிறோம். பகடை பக்கத்து மேசையில். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், பின்னுகிறவர்கள் பகடை மேசைக்கும், ஆடுகிறவர்கள் நூல் மேசைக்கும் போகலாம்.