வீடு திறக்கும் நாளும் மூக்கும்

நேயர்களுக்கு வணக்கம். நம் பக்கத்தில் கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறப்பார்கள். வீட்டின் நடுமுற்றமான வளவில் நின்று ஜமக்காளத்தை உதறினால் எல்லோருக்கும் ஒரு தும்மல் வரும். அது தூசி. ஆனால் ஒருவருக்கு மட்டும் பத்துப் பதினைந்து தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண் அரிப்பு என்று நாள் முழுக்க நீளும். "சளி பிடிச்சிருக்கு, கஷாயம் குடி" என்பார் அப்பத்தா. காய்ச்சல் இல்லை, அரிப்பு உண்டு என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமைதான்.

பழைய மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் இருக்கும். நம் உடம்பு உதிர்க்கும் தோல் செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அவற்றின் எச்சத்தில் உள்ள புரதத்தைச் சிலருடைய உடம்பு எதிரியாகப் பதிந்துகொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்கிறது. 1960களில் இஷிசாகா என்ற ஆய்வாளர் தம்பதியரும் சுவீடன் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்தது இது. மூக்குச் சவ்விலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்பு அணுக்களின் மேல் இது ஒட்டியிருக்கும். அதே புரதம் மறுபடி வந்தால், சில நிமிஷத்தில் அந்த அணுக்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். தும்மல் அதனால்தான். சில மணி நேரம் கழித்து ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சேரும். ராத்திரி மூக்கு அடைப்பது அப்போதுதான்.

செட்ரிசின் போன்ற மாத்திரை தும்மலை அடக்கும், அடைப்புக்கு அவ்வளவாக உதவாது. அதற்கு ஸ்டீராய்டு ஸ்பிரேதான் மேல். 'ஸ்டீராய்டா!' என்று பயப்படுகிறார்கள். மூக்குக்குள் அடிக்கும் அளவு மிகக் குறைவு. உடம்பில் சேர்வது சொற்பம். என் வருத்தமெல்லாம், இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கலை" என்று தூக்கிப் போடுவதில்தான். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாக அடியுங்கள். அடித்ததும் பலமாக உறிஞ்ச வேண்டாம்.

கடையில் கேட்டு வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பே நிலைத்துவிடும்.

எதற்கும் அடங்காதவர்களுக்கு, ஒவ்வாத பொருளையே சிறு அளவில் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. 1911இல் லண்டனில் நூன் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த வழி; சுமார் மூன்று வருஷம் பொறுமை வேண்டும்.

அப்புறம், விசேஷத்துக்கு ஊருக்கு வரும்போது உங்களுக்கு இந்தத் தொல்லை வழக்கம் என்றால், மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்பே ஸ்பிரேயைத் தொடங்கிவிடுங்கள். தலையணை உறைகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போடச் சொல்லிவிடுங்கள். உதறுகிற வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.