நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டால் மருந்தகத்தில் வரிசை குறையுமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளிக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். உட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். நீரிழிவுக்கு மருந்து சாப்பிட்டுவரும் தம் தந்தையைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துச் சென்றபோது, முன்பதிவு இருந்தும் வெகுநேரம் காத்திருக்க நேர்ந்ததாம். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய்த் தம் தொகுதி உறுப்பினரிடம் அதைச் சொன்னதும், "இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கொடுக்கிறேன்" என்று அவர் கூறியிருக்கிறார். அமர்வு நாளன்று நம் நேயர் விடுப்பு எடுத்துக்கொண்டு கேள்வி நேரம் முழுவதையும் நேரலையில் பார்த்திருக்கிறார். உறுப்பினர் இருக்கையை விட்டு எழவே இல்லை. "அவர் என்னை ஏமாற்றிவிட்டாரா? அப்படியே கேட்டிருந்தாலும், ஆளுங்கட்சி உறுப்பினர் தம் கட்சி அமைச்சரையே கேட்பது கண்துடைப்புத்தானே?" இதுதான் அவருடைய கேள்வி.

முதல் பகுதிக்குப் பதில் எளிது: பெரும்பாலும் ஏமாற்றியிருக்க மாட்டார். சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் வழக்கமாக ஒன்றரை மணி நேரம். ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். அவற்றில் மூன்றுக்கு மேல் வாய்மொழிப் பதில் கோர முடியாது. வாய்மொழிக் கேள்விக்கு ஏழு முழு நாள் முன்னறிவிப்பும் வேண்டும். இத்தனை பேரும் கொடுக்கும் கேள்விகளை அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பது நடக்கிற காரியமில்லை. பட்டியலின் நடுவில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டால், எஞ்சிய கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் தரப்படும். உறுப்பினர் விரும்பினால் கேள்வியைப் பிந்திய அமர்வுக்குத் தள்ளிவைக்கவும் சொல்லலாம். ஆகவே நீங்கள் தேட வேண்டிய இடம் நேரலை அன்று. நாடாளுமன்ற இணையத்தளத்தில் உள்ள அதிகாரபூர்வ அறிக்கையைத் தேடிப் பாருங்கள். சுகாதார அமைச்சும் தான் அளிக்கும் பதில்களைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால், நாடாளுமன்ற நாயகரின் அனுமதியோடு அமைச்சர் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்வார். அப்போது முதல் கேள்வியைக் கொடுத்தவர் மட்டுமே எழுந்து கேட்டதுபோல நமக்குத் தோன்றும். மற்றவர்கள் பெயரும் அறிக்கையில் இருக்கும். திரையில் தெரியாது, அவ்வளவுதான்.

இனி, இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். கண்துடைப்பா என்ற சந்தேகம் நியாயமானதுதான். 2025 பொதுத் தேர்தலுக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட 97 இடங்களில் 87 மக்கள் செயல் கட்சியிடம் இருக்கின்றன. எதிர்த்தரப்பில் பாட்டாளிக் கட்சியினர் இருக்கிறார்கள். எந்தக் கட்சியையும் சாராத நியமன உறுப்பினர்களும் உண்டு. வாக்கெடுப்பு என்று வந்தால் முடிவு என்னவாக இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் கேள்வி என்பது வாக்கெடுப்பு இல்லை. கேள்விக்கு வரும் பதில் பதிவாகிவிடுகிறது. அரசாங்கம் "எங்கள் நிலைப்பாடு இது" என்று அவையில் சொன்ன பிறகு, அதை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் அதே அவைக்கு வந்துதான் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஒரு கேள்வியின் பலம் கேட்டவர் எந்தக் கட்சி என்பதைவிட, அது எப்படிச் சொற்களில் அமைக்கப்பட்டது, எந்த அமைச்சருக்கு அனுப்பப்பட்டது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு நம் ஊரிலேயே நடந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கொவிட் காலத்தில் நாம் எல்லாரும் கழுத்திலும் பையிலும் போட்டுக்கொண்டு திரிந்த டிரேஸ்டுகெதர் கருவியை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் சேரும் தகவல் தொற்றுத் தடங்களைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் செய்தியாளர்களிடம் உறுதி கூறியிருந்தார். அதை நம்பித்தான் பலர் சேர்ந்தார்கள். 2021 தொடக்கத்தில் மக்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோரிடம் அதன் கைபேசிச் செயலியோ வில்லை எனப்பட்ட அந்தக் கருவியோ இருந்தது. 2021 ஜனவரி 4ஆம் தேதி, ஹாலந்து-புக்கிட் தீமா குழுத்தொகுதி உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா ஒரு கேள்வி கொடுத்திருந்தார். அவர் மக்கள் செயல் கட்சிக்காரர், வழக்கறிஞர். குற்றப் புலனாய்வுக்காக இந்தத் தகவலைப் பெறக் காவல்துறைக்கு அனுமதி உண்டா, அதற்கான சட்டப் பிரிவுகளும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் என்ன என்று அவர் கேட்டிருந்தார்.

கேள்வி யாருக்குப் போனது என்பதைக் கவனியுங்கள். பொதுச் சுகாதாரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட திட்டம். ஆனால் கேள்வி சுகாதார அமைச்சருக்குப் போகவில்லை, உள்துறை அமைச்சருக்குப் போனது. உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று பதிலளித்தார். உள்ளதை உள்ளபடி சொன்ன பதில் அது. அதனாலேயே ஏழு மாதங்களுக்கு முன் கொடுக்கப்பட்ட உறுதிமொழிக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த ஓட்டை எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. மறுநாளே அமைச்சர் விவியன் அவையில் விளக்கமளித்து, தாம் உறுதி கூறியபோது அந்தச் சட்டம் தம் நினைவுக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2ஆம் தேதி, கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்துக்கான திருத்தம் நிறைவேறியது. இனிமேல் கடுமையான ஏழு வகைக் குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம் என்று வரம்பு கட்டப்பட்டது. கேள்வியிலிருந்து சட்டம்வரை ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதைக் கண்துடைப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அதே நேரத்தில், எல்லாக் கேள்விக்கும் இப்படி நடக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை, இது அபூர்வம்.

அன்றாடம் நடப்பது வேறு மாதிரி. உங்கள் உறுப்பினர் "பலதுறை மருந்தகங்களில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க அமைச்சு நடவடிக்கை எடுக்குமா?" என்று கேட்டிருந்தால், பதிலை நானே இங்கே உட்கார்ந்து எழுதிவிடலாம்: அமைச்சு தொடர்ந்து கவனித்துவருகிறது, ஆள்பலம் கூட்டப்படுகிறது, புதிய மருந்தகங்கள் கட்டப்படுகின்றன, 2030க்குள் மொத்தம் 32 பலதுறை மருந்தகங்கள் என்பது இலக்கு. அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் உங்கள் தந்தை ஏன் அன்று அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அதில் பதிலும் இல்லை.

இதையே வேறுவிதமாகக் கேட்டுப் பாருங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, முன்பதிவு செய்து வந்தவர்கள் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தின் நடுமதிப்பு என்ன, நூறு பேரை வரிசைப்படுத்தினால் தொண்ணூற்றைந்தாவது ஆள் காத்திருந்த நேரம் என்ன, நாட்பட்ட நோயாளிகளின் எண் தனியாக எவ்வளவு? நடுமதிப்பு மட்டும் கேட்டால் அழகான எண் ஒன்று வந்துவிடும், ஏனென்றால் பாதிப் பேர் அதற்குள் உள்ளே போய்விட்டிருப்பார்கள். உங்கள் தந்தை இருப்பது வரிசையின் வால்பகுதியில். வாலின் நீளத்தைக் கேட்டால்தான் அவர் கணக்கில் வருவார். எண் ஒன்று பதிவாகிவிட்டால், அடுத்த ஆண்டு வேறோர் உறுப்பினர் அதை எடுத்துவைத்துக்கொண்டு "இப்போது எவ்வளவு?" என்று கேட்க முடியும், ஒப்பிட ஒரு கோடு போட்டாகிவிட்டது.

நாடாளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையான ஆணைகள் கேள்வியின் சொற்களுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. வாதம் இருக்கக்கூடாது, குத்தலும் கிண்டலும் கூடாது, "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" என்ற கற்பனைக் கேள்வி கூடாது. கேள்வியில் ஒரு செய்தி சொல்லப்பட்டிருந்தால் அதன் உண்மைத்தன்மைக்குக் கேட்பவரே பொறுப்பு. அதனால்தான், மக்கள் சந்திப்புக்குப் போகும்போது "ரொம்ப நேரம் காக்க வைத்தார்கள்" என்பதற்குப் பதிலாக, முன்பதிவு எத்தனை மணிக்கு, உள்ளே அழைத்தது எத்தனை மணிக்கு என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள் என்கிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும் தொண்டூழியர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

முதல் பதிலுக்குப் பின் வரும் துணைக் கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் ஒரு வாரமாக எழுதியிருப்பார்கள். துணைக் கேள்வி முன்கூட்டித் தெரியாது. அமைச்சர் தம் துறையை எந்த அளவு கைக்குள் வைத்திருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். "அந்த எண் இப்போது என்னிடம் இல்லை, தனியாகக் கேள்வி கொடுங்கள்" என்ற பதிலும் அடிக்கடி வரும். சிலர் இதைத் தப்பித்தல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை: அடுத்த அமர்வுக்கு அது அழைப்பிதழ், உறுப்பினர் திரும்பி வந்து கேட்கிறாரா என்பதே அவருடைய அக்கறைக்கு உரைகல்.

இந்தியாவில் சுகாதாரத்துக்கென்று நிலைக்குழு இருக்கிறதே, இங்கே இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. இங்கே நாடாளுமன்றத்துக்கு அப்படி நிரந்தரமான சுகாதாரக் குழு இல்லை. செய்திகளில் நாம் கேட்கும் அரசாங்க நாடாளுமன்றக் குழு என்பது 1987இல் மக்கள் செயல் கட்சி தன் உறுப்பினர்களைக் கொண்டு அமைத்த கட்சி ஏற்பாடு. அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் கொண்ட தெரிவுக்குழு அன்று. பெயரைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள், நானும் ஒரு காலத்தில் மயங்கியிருக்கிறேன்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின் நடக்கும் நிதி ஒதுக்கீட்டுக் குழு விவாதம். ஓர் அமைச்சுக்கு ஒதுக்கிய தொகையில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் முன்மொழிவார். உண்மையில் யாரும் அந்த 100 வெள்ளியை எடுக்கப்போவதில்லை. பேசுவதற்கான கதவு அது. அந்தக் கதவு வழியாகத்தான் 2016 ஏப்ரலில், அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார். இனிப்புப் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரமிடும் நியூட்ரி-கிரேட் முத்திரை, பொட்டலமிட்ட பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 அன்று நடப்புக்கு வந்தது. கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கு மேலும் ஓராண்டு கழித்து. இடையில் ஆறு ஆண்டுகளுக்கும் மேல். சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் போரைப் பற்றிய ஒவ்வொரு பதிலையும் நாம் வரிவிடாமல் படிக்க வேண்டும். தமிழிலும் அவையில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு.

பெரிய சம்பவம் நடந்தால் அமைச்சரே அறிக்கை வாசிப்பார். அதன்பின் உறுப்பினர்கள் விளக்கம் கேட்கலாம். 2019 பிப்ரவரியில், எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் கசிந்த விவகாரத்தில் அப்படித்தான் நடந்தது. தகவல் தவறான கைக்குப் போனது 2016இலேயே அமைச்சுக்குத் தெரியும், அப்போது ஏன் பொதுமக்களிடம் சொல்லவில்லை என்று உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் நலனைக் கருதியே அந்த முடிவு எடுக்கப்பட்டதாக அமைச்சர் பதிலளித்தார். அந்தப் பதிலை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அந்த முடிவுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டு, அது பதிவில் இருக்கிறது.

ஆகவே, உட்லண்ட்ஸ் நேயரே, உறுப்பினரிடம் கோபித்துக்கொள்ளும் முன் அந்த அமர்வு நாளின் எழுத்து மூலப் பதில்களைத் திறந்து, "பலதுறை மருந்தகம்" தொடர்பானதைத் தேடுங்கள். பக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிலில் எண் இருக்கிறதா, எந்த ஆண்டின் எண், யாரைச் சேர்த்து எண்ணியது என்று பாருங்கள். எண் இல்லாமல் நடவடிக்கைகள் மட்டும் பட்டியலிடப்பட்டிருந்தால், அதை அச்செடுத்து அடுத்த மக்கள் சந்திப்புக்குக் கொண்டுபோய், காத்திருந்த நேரத்தின் வால்பகுதியைப் பற்றிப் புதிதாக ஒரு கேள்வி கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தந்தையின் முன்பதிவுச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.